முப்பத்தைந்து கிராம்

மகாராஜநகரில் பிரம்மநாயகியை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். உண்மையில் அவள் டீச்சர் இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் முப்பத்து நான்கு வருடம் ஆய்வக உதவியாளராக இருந்தவள். அமிலத் துளி பட்டு ஓட்டை விழாத சேலை அவளிடம் ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் உடைத்த குழாய்களைக் கூட்டி அள்ளியதும், தராசுக்குப் பித்தளை எடைகளை இடுக்கியால் எடுத்துக் கொடுத்ததும்தான் அவள் உத்தியோகம். பள்ளிக்கு மின் தராசு வந்ததும் பழைய எடைப்பெட்டியைக் கழித்துப் போட்டார்கள். ஓய்வு பெறும் நாளில், "எனக்குப் பொன்னாடையெல்லாம் வேண்டாம், அந்தப் பெட்டியைக் குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தாள். அந்தப் பெட்டியை வைத்துத் தன் பிள்ளையின் ஆயுளை அளக்க நேரும் என்று அன்றைக்கு அவளுக்குத் தெரியாது.

பிள்ளை குமரகுருபரன். ஒரே மகன். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலை. இருபத்தொன்பதாவது வயதில் ஒருநாள் கையிலிருந்த காப்பி டம்ளர் நழுவியது. பிறகு செருப்பு மாட்ட வரவில்லை. பிறகு நாக்கு குழறியது. மதுரையில் பெரிய டாக்டர் படம் வரைந்து காட்டிச் சொன்னார். மூளையிலிருந்து தசைக்குப் போகிற கட்டளைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வருமாம். அறிவு மட்டும் கடைசிவரை அப்படியே இருக்குமாம். "அதுதாம்மா இதுல கொடுமை" என்று சொல்லிவிட்டு அந்த டாக்டரே தலையைக் குனிந்துகொண்டார். நிச்சயம் வரைக்கும் வந்திருந்த சம்பந்தம் அந்த வாரமே முறிந்தது. பெண் வீட்டாரைப் பிரம்மநாயகி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

இப்போது அவனுக்கு முப்பத்தொரு வயது. குரல் போய் எட்டு மாதம். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றுதான் அவன் சொன்னபடி கேட்டது. அந்த ஒரு விரலால் லேப்டாப்பில் தட்டித்தான் அவன் அம்மாவோடு பேசினான், அப்பாவைக் கேலி செய்தான், சாயங்காலமானால் கல்லூரித் தோழன் ஜெர்வினோடு கேம் விளையாடினான். கை தானாக நகராது என்பதால், பிரம்மநாயகி பழைய நூல் சேலையைக் கிழித்துச் சிறு தூளி கட்டி, ஜன்னல் கம்பியிலிருந்து தொங்கவிட்டு, மணிக்கட்டை அதில் கிடத்தியிருந்தாள். முப்பது வருடத்துக்கு முன்னால் அவனையே தூளியில் போட்டு ஆட்டியவள், இப்போது அவன் கைக்கு மட்டும் தூளி கட்டினாள். லேசாக அசைந்தாலே கை எழுத்துகளுக்கு மேலே மிதந்து போகும். விரல் அமுக்கும். திரையில் தமிழ் வரும்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் சமையலறை மின் தராசைக் கட்டிலுக்குக் கொண்டுவந்து, அந்த விரலை அதன்மேல் வைத்து, "முடிஞ்ச மட்டும் அமுக்கு ராசா" என்பாள். தராசில் வரும் எண்ணை நோட்டில் எழுதுவாள். மே மாதம் எழுபது கிராம். ஜூனில் அறுபத்திரண்டு. ஜூலையில் ஐம்பத்தைந்து. லேப்டாப்பின் விசைகள் ஐம்பத்தெட்டு கிராமுக்குத்தான் இறங்கின. ஆகவே ஜூலை மாதத்தில் பாதி எழுத்துகள் விழவில்லை. அவன் ஒரே எழுத்தை நாலு தடவை குத்துவதைக் கதவோரம் நின்று பார்த்தவள், மறுநாள் எடைப்பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

மூன்று கடைகளில், "டைப் அடிக்கவா, கேமுக்கா?" என்று கேட்டார்கள். "ரெண்டுக்கும்" என்றாள். அழகழகாகக் காட்டினார்கள். எடையை எடுத்ததும் சிரித்தார்கள். நாலாவது கடை வண்ணார்பேட்டையில் ஆரிப்புடையது. நாற்பது வயது, மேலப்பாளையத்துக்காரர். அவருடைய மகள் அந்தப் பள்ளியில் படித்தவள் என்பதால் முகம் தெரியும்.

"வாங்க டீச்சர், உக்காருங்க. என்ன பெட்டி இது? தங்கம் நிறுக்க வந்த மாதிரில்லா இருக்கு."

"தங்கமா இருந்தா முதல் கடையிலயே வாங்கிட்டுப் போயிருப்பேன் தம்பி" என்றாள் பிரம்மநாயகி. மகனைப் பற்றி நாலே வாக்கியத்தில் சொன்னாள். ஆரிப் சிரிப்பை நிறுத்திவிட்டு, கடையில் இருந்த கீபோர்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மேசையில் வைத்தார்.

முதலாவது தட்டையாக, ஏழு வண்ணத்தில் மினுக்கியது. அவள் இடுக்கியால் இருபது கிராம் எடையை ஒரு விசைமேல் வைத்தாள். அதன்மேல் இன்னொரு இருபது. பத்து. இன்னொரு பத்து. அறுபதுக்குத்தான் இறங்கியது.

"பாக்கத்தான் அழகு. அடுத்தது."

இரண்டாவது, ஒவ்வொரு விசைக்குக் கீழேயும் தனித்தனி ஸ்பிரிங் வைத்தது. அமுக்கினால் டக்கென்று சத்தம் போட்டது. ஐம்பது கிராம். மூன்றாவதும் அதே ஜாதி, ஆனால் சிவப்பு ஸ்விட்ச், சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. நாற்பத்தைந்து.

"கேம் ஆடுத பயலுக இதைத்தான் கேட்டு வாங்குதானுவ டீச்சர். வெண்ணெய் மாதிரி போகும்."

"அவன் விரலுக்கு இப்ப அம்பத்தி ரெண்டு இருக்கு. ஏழு கிராம்தான் மிச்சம். ரெண்டு மாசம் தாங்காதே."

 ஆரிப் சின்ன இடுக்கி ஒன்றை எடுத்து அந்தக் கீபோர்டிலிருந்து ஒரு ஸ்விட்சைப் பல் பிடுங்குவதுபோலப் பிடுங்கிக் காட்டினார். "இதைக் கழத்தி வேற போடலாம். முப்பத்தஞ்சு கிராம்ல ஒண்ணு வருது. அதுக்குக் கீழ கிடையாது. சென்னையிலேருந்து எடுத்துத் தாரேன். ஆனா ஒண்ணு, கை சும்மா பட்டாலே எழுத்து விழும். அதனால கை படுத ஓரத்துல மட்டும் கனமான ஸ்விட்சை வச்சிருதேன்."

"வயர் வேண்டாம் தம்பி. புரட்டிப் படுக்க வைக்கையில கழுத்துல சுத்திக்கிடும்."

"இதுல வயர் இல்ல. இந்தத் துண்டைக் கம்ப்யூட்டர்ல சொருகிட்டா விரல் பட்ட உடனே போயிரும். புளூடூத்தும் இருக்கு, அது கொஞ்சம் யோசிச்சுப் போகும். கேமுக்கு இந்தத் துண்டுதான் சரி."

"லைட்டு?"

"ஓரம் எரியுததும் இருக்கு, எழுத்தே எரியுததும் இருக்கு."

"எழுத்து எரியணும். சரிச்சு வச்சா அவன் நிழலே அதுமேல விழுது. தலையைத் தூக்கிப் பாக்க முடியாதுல்லா. வெள்ளை போதும், இந்தத் திருவிழா வெளிச்சமெல்லாம் வேண்டாம். நீளமும் கொறச்சலா இருக்கணும், தூளி அந்தக் கோடி வரைக்கும் எட்டாது."

தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டித் தரவா என்று கேட்ட ஆரிப், ஒட்டினால் வெளிச்சம் அடைபட்டுவிடும் என்று தானே வேண்டாமென்றார். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். "டீச்சர், தப்பா நினைக்காதீய. கண்ணு எந்த எழுத்தைப் பாக்குதோ அதை எழுதுத மிசின் ஒண்ணு இருக்கு. வர நாளாகும். இப்பவே சொல்லி வச்சிருவமா?"

பிரம்மநாயகிக்குச் சுருக்கென்றது. "விரல் இருக்கையில கண்ணு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு எடைகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினாள். அந்த மிசினுக்குச் சொல்லிவைப்பது, பிள்ளை உயிரோடு இருக்கும்போதே பந்தல்காரனுக்குச் சொல்லிவைப்பதுபோல அவளுக்குப் பட்டது.

பத்து நாளில் கீபோர்டு வந்தது. ஆரிப்பே வீட்டுக்கு வந்து பொருத்திக் கொடுத்தார். தூளியில் கையை வைத்ததும் எழுத்துகள் வெள்ளையாக எரிந்தன. விரல் இறங்கியது. எட்டு மாதமாகப் பேச்சில்லாத அந்த வீட்டில், புதுக் கீபோர்டில் மகன் என்ன சொல்லப் போகிறான் என்று தாயும் தகப்பனும் திரையையே பார்த்து நின்றார்கள்.

"அம்மா மூக்குல ஈ" என்று எழுதினான் குமரகுருபரன்.

பிரம்மநாயகி ஈயை விரட்டினாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்த வீட்டில் வெளிச்சம் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜெர்வின் வருவான். உவரியில் மீனவர் வீட்டுப் பிள்ளை, கூடங்குளத்தில் ஒப்பந்த வேலை. ஆள் வருவது கம்ப்யூட்டருக்குள்தான். குரல் மட்டும் ஸ்பீக்கரில் கேட்கும். திரையில் ஓடும் ஜீப்பை ஜெர்வின் ஓட்டுவான், இவன் ஒரே ஒரு விசையை அமுக்கிச் சுடுவான்.

"லே மக்கா, வலது பக்கம் ஒருத்தன் நிக்கான் பாரு. சுடு லே. அவனுக்கு மாலை போட்டா வரவேற்கப் போறே?"

ஜீப் பாறையில் மோதும். திரையின் ஓரத்தில் குமரகுருபரனின் பதில் ஒவ்வோர் எழுத்தாக வரும்: "வள்ளத்தில பொறந்தவனுக்கு ஜீப்பு எதுக்கு."

"ஏ, எங்கய்யா வள்ளத்தைப் பத்திப் பேசாத. ஒரு நாளு உவரிக்கு வந்து ஏறிப் பாரு, அப்பத் தெரியும்" என்பான் ஜெர்வின். சொன்ன பிறகுதான் சொன்னது உறைக்கும்.  "நான் தூக்கிட்டுப் போறேன் லே உன்னைய" என்று பிறகு பைய முனகுவான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகள் நிற்கவில்லை. நாற்பத்தாறு. நாற்பத்து மூன்று. நாற்பது. பிரம்மநாயகி எண்ணை மகன் கண்ணில் படாமல் எழுதப் பழகினாள். அவனும் கேட்காமல் இருக்கப் பழகினான். சரஸ்வதி பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தராசு முப்பத்தேழு காட்டியது. அவனுக்கு லேசான சளியும் இருந்தது.

வாழ்நாளெல்லாம் எண்ணை நம்பியவள் அவள். கணவர் அம்மையப்பன் மின்வாரியத்தில் இருந்தவர், வாராவாரம் நெல்லையப்பர் கோயிலுக்குப் போகிறவர். சாமி காரியம் அவர் பாடு என்று அவள் விட்டுவிடுவாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டை மூடியபோது, எண்கள் இனி எந்தப் பக்கம் போகும் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்ததைத் தாங்க முடியவில்லை. முதல்முறையாக அவள் எண்ணை விட்டுவிட்டுச் சாமியைப் பிடித்தாள். "ஏடு அடுக்குற அன்னைக்கு அவன் கீபோர்டை உன் காலடியில வைக்கேன் தாயே. மறுநா புனர்பூஜை முடியுற வரைக்கும் ஒருத்தர் கையும் படாமப் பாத்துக்கிடுதேன். அந்த விரலை மட்டும் விட்டுக் குடு" என்று யாருக்கும் தெரியாமல் வேண்டிக்கொண்டாள்.

பூஜையன்று காலை மகனிடம் கேட்டாள். "எல்லாரும் அவங்கவங்க சாமானை வைப்பாங்க. நான் எடைப்பெட்டியை வைக்கேன். அப்பா டெஸ்டரை வைக்காவ. உன் கீபோர்டையும் வச்சு எடுப்பமா ராசா? நாளைக்குக் காலையில குடுத்துருதேன்."

அவன் எழுதினான்: "சரி. ஒரு நாள் லீவு. சுண்டலை நல்லாக் குழைய விடு."

அவள் தூளியிலிருந்து கையை இறக்கி, கீபோர்டை எடுத்துத் துடைத்து, புத்தகங்களுக்கு மேலே வைத்து, நடு விசையில் சந்தனமும் குங்குமமும் இட்டாள். பொரி, கடலை, அவல், சுண்டல் எல்லாம் படைத்து, பத்து மணிக்குத் தீபாராதனை ஆயிற்று.

கீபோர்டு இல்லாத நேரத்துக்கு அவர்களிடம் ஒரு ஏற்பாடு இருந்தது. கண்ணை ஒரு தடவை மூடினால் ஆமாம். இரண்டு தடவை மூடினால் இல்லை. குளிக்க வைக்கும்போதும் புரட்டிப் படுக்க வைக்கும்போதும் அது போதும். மதியம் இரண்டு மணி வாக்கில், மசித்த சுண்டலை ஊட்டி வாயைத் துடைத்தபோது, குமரகுருபரன் அவளையே பார்த்தான். பிறகு கண்ணைப் பூஜை அறைப் பக்கம் திருப்பினான். மறுபடி அவளைப் பார்த்தான்.

"தண்ணியா?"

இரண்டு தடவை.

"எங்கயும் அரிக்கா? திரும்பிப் படுக்கணுமா?"

இல்லை.

"நெஞ்சுல சளி கட்டுதா? மூச்சு முட்டுதா?"

இல்லை.

"ஜெர்வினுக்கு எதுவும் சொல்லணுமா?"

அவன் கண் மூடவில்லை. ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. இமைக்காமல் அவளையே பார்த்தான். பிறகு பூஜை அறையை.

"எங்கிட்டயா? எங்கிட்ட எதுவும் சொல்லணுமா?"

ஒரு தடவை. மெதுவாக, நன்றாக மூடித் திறந்தான்.

வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மையப்பன், "எடுத்துக் குடேன் பிரம்மு" என்றார். "சாமி ஒண்ணும் சொல்லாது. பிள்ளை கேக்கான்லா."

சாமி கும்பிடுகிற மனிதர் அப்படிச் சொன்னார். ஆய்வகத்தில் காலம் தள்ளியவள் கேட்கவில்லை. "வச்சதை எடுக்கப்பிடாது. நீங்க பேசாம இருங்க" என்றாள். அவள் வேண்டிக்கொண்டது அம்மையப்பனுக்குத் தெரியாது. மகன் பக்கம் குனிந்து தலையைத் தடவினாள். "நாளைக்குக் காலையில முத வேலையா எடுத்துத் தாரேன் ராசா. எம்புட்டு வேணும்னாலும் சொல்லு. நான் எங்கன போயிருதேன்? இங்கனதான இருக்கேன்."

அவன் கடைக்கண்ணில் நீர் திரண்டு காதுப் பக்கமாக இறங்கியது. சாம்பிராணிப் புகை என்று நினைத்துத் துடைத்துவிட்டாள்.

விஜயதசமி காலையில் ஏழு மணிக்குப் புனர்பூஜை. ஏட்டைப் பிரித்து ஒரு வரியாவது படிக்க வேண்டும், கருவியை எடுத்து ஒரு வேலையாவது செய்ய வேண்டும் என்பது வழக்கம். அம்மையப்பன் டெஸ்டரை எடுத்துச் சுவிட்ச் போர்டில் வைத்துப் பார்த்தார். பிரம்மநாயகி சந்தனத்தை ஈரத் துணியால் துடைத்து, கீபோர்டைக் கட்டிலில் சரித்து வைத்து, தூளியில் கையைக் கிடத்தினாள். எழுத்துகள் எரிந்தன.

"சொல்லு ராசா. நேத்து என்னமோ சொல்ல வந்தியே."

விரல் விசைமேல் போய் நின்றது. நுனி வெளுத்தது. விசை இறங்கவில்லை. விரல் அடுத்த விசைக்கு நகர்ந்தது. அதுவும் இறங்கவில்லை. அவன் நெற்றியில் வேர்வை பூத்தது.

"கை விறைச்சிருக்கும். ஒரு நாளு சும்மா கிடந்ததுல்லா" என்று அவள் வெந்நீர் கொண்டுவந்து விரலை நனைத்தாள். நீவினாள். மறுபடி வைத்தாள். ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமையாக இல்லாதபோதும் சமையலறைக்கு ஓடித் தராசைக் கொண்டுவந்தாள். அவன் கண்ணை இறுக்கிக்கொண்டு அமுக்கினான்.

முப்பத்து மூன்று.

இரண்டு கிராம். எடைப்பெட்டியில் இரண்டு கிராம் எடை சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அந்த இரண்டு கிராமைக் கொண்டுவந்து பிள்ளையின் விரலில் வைக்க அவளால் முடியவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போட்டு அழவில்லை. அழுதால் அவன் கேட்பான்.

பத்து மணிக்கு ஆரிப்புக்குப் போன் செய்தாள். "முப்பத்தஞ்சுக்குக் கீழ ஸ்விட்சு இல்ல டீச்சர்" என்றார் அவர். "ஸ்பிரிங்கை வேணா வெட்டிப் பாக்கேன்." அன்றைக்கே வந்து வெட்டியும் பார்த்தார். அமுங்கிய விசை மேலே எழும்பவில்லை. கண்ணால் எழுதும் மிசினுக்கு அவள் வாயாலேயே சொல்லி வைத்தாள். ஆறு வாரம் ஆகுமாம்.

மதுரை டாக்டர் போனில் ஆறுதல் சொன்னார். "சளியும் சேர்ந்திருக்கு. எப்படியும் அந்த வாரம் விரல் நின்னுருக்கும்மா. ஒரு நாள் எடுத்து வச்சதால ஆனது இல்ல. நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க."

அவருக்குத் தெரியாது. விரல் எந்த வாரம் நிற்கும் என்று அவளுக்கும் தெரியும். அந்த நோட்டில் எழுதியதே அவள்தான். விரல் நின்றதற்காக அவள் அழவில்லை. விரல் இருந்த கடைசி நாளைச் சந்தனம் வைத்துப் பூஜை அறையில் பூட்டிப்போட்டாளே, அதற்காக அழுதாள். பேச முடிந்த கடைசி மதியத்தில் பிள்ளை அம்மாவிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்று கேட்டான். நாளைக்கு என்று சொன்னவள் அவள்.

மறுநாள் சாயங்காலம் ஜெர்வின் நேரிலேயே வந்தான். தயங்கிக்கொண்டே கட்டிலோரம் உட்கார்ந்து, விரலை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டான். "அந்த மிசின் வந்தா கண்ணாலயே சுடலாம் மக்கா. அப்ப என்னைய யாரு காப்பாத்துவா?" என்றான். குமரகுருபரன் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தான். ஜெர்வின் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டத் தெரியாமல் வெகுநேரம் நின்றான்.

அவன்தான் போகும்போது சொன்னான். "எழுத்தைச் சொல்லிக்கிட்டே வாங்கம்மா. அவன் கண்ணை மூடுத எடத்துல நிப்பாட்டுங்க. நேரமாகும், ஆனா வரும்."

மறுநாள் காலையிலேயே பிரம்மநாயகி கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மூன்று நாளாக நெஞ்சில் கிடந்து அறுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டாள்.

"அன்னைக்கு எங்கிட்ட என்ன சொல்ல வந்தே ராசா? நான் எழுத்துச் சொல்லுதேன். க... ங... ச..."

ம வந்ததும் கண் மூடியது. அவள் தாளில் எழுதினாள். மறுபடி கானாவிலிருந்து. ற வந்ததும் மூடியது. மறுபடி முதலிலிருந்து. ந. அதற்குள் பால்காரர் வந்து போனார், அம்மையப்பன் காப்பி கொண்டுவந்து வைத்து அது ஆறியும் போயிற்று. அடுத்து த. அவள் தாளைப் பார்த்தாள்.

"மறந்துட்டியா?"

ஒரு தடவை.

"நெசமாவா? நல்லா யோசிச்சுப் பாரு. என்னைய நினைச்சுச் சொல்லாம இருக்காத. ஏசுததா இருந்தாலும் பரவாயில்ல லே, சொல்லு."

அவன் அவளை வெகுநேரம் பார்த்தான். அந்தப் பார்வையில் மறதி இல்லை. எட்டு வயதில் ஆய்வகத்துக்கு வந்து ஒரு குடுவையை உடைத்துவிட்டு, அம்மா திட்டு வாங்கக் கூடாதே என்று யார் கேட்டும் வாயைத் திறக்காமல் நின்றவன் அவன். அவனைப் பெற்றவளுக்கா தெரியாது. கண்ணை மூடினான். திறந்தான். ஒரு தடவை.

"சரி ராசா" என்றாள் பிரம்மநாயகி. தாளை மடித்தாள். நாற்காலியை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டாள்.

"இப்ப என்ன வேணும், அதைச் சொல்லு. க... ங... ச... ஞ... ட... ண... த..."

கண் மூடியது.

"தண்ணியா?"

ஒரு தடவை.

அவள் ஸ்பூனால் தண்ணீர் எடுத்து உதட்டோரம் வைத்தாள். பாதி வழிந்தது. மீதி தொண்டையில் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.